கைப்பேசிச் செயலிக்கு முன்மாதிரி: எக்கருவியைத் தேர்வது?

முன்னுரை

ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு நாளில் சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர்களுக்கான ஆல்பம் வெளியாவதை நம் மாவட்டத்தார் நன்கறிவர். சாமி படமா, இயற்கைக் காட்சியா, தேதி கிழிக்கும் காலண்டரா, மாதக் காலண்டரா, என்ன அளவு, என்ன தாள் என்பனவற்றையெல்லாம் வணிகர்கள் அந்த ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தே முடிவு செய்கின்றனர். ஆர்டர் வந்த பின்னரே அச்சு இயந்திரங்கள் முழுவீச்சில் ஓடுகின்றன. பல்லாயிரம் படிகளை அச்சிட்டு முடித்துவிட்டு, "இது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்கும் அச்சகத்தார் எவரும் இலர். முதலில் மாதிரி, பிறகே உற்பத்தி என்பது நம் ஊர்த் தொழிலின் அரிச்சுவடி.

கைப்பேசிச் செயலிகளை ஆக்குவோரும் இம்முறையையே கைக்கொள்கின்றனர். செயலியை முழுமையாக எழுதி முடிக்குமுன், அது எப்படித் தோன்றும், விரல் பட்டால் என்ன செய்யும், ஒரு திரையிலிருந்து மறுதிரைக்கு எவ்வாறு நகரும் என்பவற்றைக் காட்டும் முன்மாதிரி ஒன்றைச் செய்து பார்க்கின்றனர். இதற்கென இன்று பல மென்பொருள்கள் உள்ளன. "அவற்றுள் சிறந்தது எது?" என்பதே மாணவர் பலர் கேட்கும் கேள்வி.

இக்கேள்வி, "எந்த வண்டி சிறந்த வண்டி?" என்று கேட்பதைப் போன்றது. விருதுநகர் மார்க்கெட்டிலிருந்து வற்றல் மூட்டை ஏற்றி வரவா, அல்லது ஒருவர் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று திரும்பவா என்று சொல்லாதவரை அதற்கு விடை கூற இயலாது. முன்மாதிரியால் நாம் அறிய விரும்புவது எதுவோ, அதுவே கருவியைத் தீர்மானிக்கிறது. இக்கருத்தை ஓர் எடுத்துக்காட்டின் துணைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்மாதிரி என்பது யாது?

அச்சகத்தில் வேலை நடக்கும் ஒழுங்கைச் சற்று நோக்குவோம். புத்தகம் ஒன்று அச்சேறுமுன் வெற்றுத்தாளை மடித்துப் பக்க எண்களை மட்டும் பென்சிலால் எழுதி ஒரு டம்மி செய்வர். தாளை விரித்துப் பார்த்தால் எண்கள் முன்பின்னாகவும் தலைகீழாகவும் கிடக்கும். மடித்தால் வரிசையாக அமையும். பக்க ஒழுங்கு சரியா என்ற ஒரே கேள்விக்கு அந்த டம்மி விடை தருகிறது. அடுத்து எழுத்துப் பிழை பார்க்க ஒரு புரூஃப். நிறம் சரியா என்று பார்க்கக் கலர் புரூஃப். கடைசியாக, அச்சிடப்போகும் அதே தாளில், அதே இயந்திரத்தில் எடுத்துப் பார்க்கும் தாள்.

டம்மியில் நிறம் இல்லையே என்று எவரும் குறை கூறுவதில்லை. பிழை திருத்துவதற்காகக் கலர் புரூஃப் எடுத்துப் பணத்தை வீணாக்குவாரும் இல்லை. ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு கேள்வி. அக்கேள்விக்குப் போதுமான அளவே உழைப்பும் செலவும். முன்மாதிரி என்பதற்கு இதனினும் தெளிவான இலக்கணம் வேண்டுவதில்லை.

உலகப் புகழ்பெற்ற ஓர் உண்மை நிகழ்ச்சியையும் இங்கு நினைவு கூரலாம். 1996-ஆம் ஆண்டு வெளிவந்த 'பாம் பைலட்' என்னும் கையடக்கக் கணினியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் என்பார், அக்கருவியைச் செய்வதற்கு முன் அதே அளவில் ஒரு மரக்கட்டையை அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். யாரேனும் சந்திக்க நாள் கேட்டால் மரக்கட்டையை வெளியே எடுத்து, குச்சியால் அதன்மேல் எழுதுவதுபோல் பாவனை செய்வார். பையில் அடங்குமா, நாளில் எத்தனை முறை தேவைப்படும், எதற்காகத் தேவைப்படும் என்பன அவர் அறிய விரும்பியவை. அவற்றுக்கு மின்சாரமே வேண்டியிருக்கவில்லை, மரக்கட்டை போதுமானதாயிற்று.

ஊடாட்டமும் அசைவும்

விரலால் தொடுதல், இழுத்தல், அழுத்திப் பிடித்தல் போன்ற செயலுக்குத் திரை தரும் மறுமொழியை ஊடாட்டம் என்கிறோம். அம்மறுமொழி கண்ணுக்குப் புலனாகுமாறு நிகழும் நகர்ச்சியை அசைவூட்டம் என்கிறோம். அசைவூட்டம் வெறும் அலங்காரம் என்று கருதுவோர் உளர். அது தவறான எண்ணம். திரையில் இருந்த பொருள் எங்கே போயிற்று, புதியது எங்கிருந்து வந்தது, என் விரல் பட்டதா இல்லையா என்பனவற்றைச் சொல்லாமற் சொல்வது அசைவே ஆகும்.

அசைவின் உயிர் காலத்தில் இருக்கிறது. பயனீட்டியல் அறிஞர் ஜேக்கப் நீல்சன் 1993-இல் வெளியிட்ட நூலில் மூன்று எல்லைகளைக் குறிப்பிடுகிறார். மறுமொழி 0.1 வினாடிக்குள் வந்தால் அது உடனே நிகழ்ந்ததாகவே மனிதன் உணர்கிறான். 1 வினாடிவரை அவன் எண்ண ஓட்டம் அறுபடுவதில்லை. 10 வினாடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ சென்றுவிடுகிறது. ஆதலின், 0.2 வினாடியில் முடியவேண்டிய அசைவை 0.8 வினாடிக்கு நீட்டினால், முதல்முறை அழகாகத் தோன்றுவது நூறாவது முறை எரிச்சலூட்டும்.

கால அளவைப் போன்றே வேகத்தின் ஏற்ற இறக்கமும் முக்கியமானது. தரையில் சுற்றும் சங்குசக்கரத்தைப் பாருங்கள். பற்றவைத்ததும் தயங்கித் தொடங்கி, வேகம் பிடித்து, உச்சத்தை எட்டி, பின் தளர்ந்து நிற்கிறது. தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே வேகத்தில் சுற்றிச் சட்டென்று நிற்குமாயின் அது நமக்கு இயல்பாகத் தோன்றாது. வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் ஓவியர்களான ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் இருவரும் 1981-இல் வெளியிட்ட நூலில் தொகுத்துக் கூறும் அசைவூட்ட நெறிகள் பன்னிரண்டனுள் இந்த "மெல்லத் தொடங்கி மெல்ல முடிதல்" என்பதும் ஒன்று. காலத்தையும் வேகத்தையும் நாம் விரும்பியவாறு மாற்றிப் பார்க்க இடந்தருகிறதா என்பதே அசைவுக்கான கருவியை எடைபோடும் முதல் அளவுகோல்.

ஓர் எடுத்துக்காட்டு: தேதி கிழிக்கும் காலண்டர்

நம் வீடுகளில் தொங்கும் தினசரிக் காலண்டரைக் கைப்பேசிச் செயலியாக்க முனைகிறோம் என்று கொள்வோம். திரையில் இன்றைய தாள் தெரிகிறது. விரலால் பிடித்து இழுத்தால் தாள் கிழிந்து விழ, அடியிலிருந்து அடுத்த நாள் தோன்ற வேண்டும். கேட்பதற்கு மிக எளியது. ஆயினும் இதனுள் நான்கு வேறுபட்ட கேள்விகள் அடங்கியுள்ளன.

முதலாவது, மக்கள் காலண்டரை உண்மையில் எவ்வாறு பயன்படுத்துகின்றனர்? இரண்டாவது, எந்தத் திரைக்குப் பின் எந்தத் திரை வரவேண்டும்? மூன்றாவது, எவ்வளவு இழுத்தால் தாள் கிழிய வேண்டும். பாதியில் விட்டால் என்ன ஆகவேண்டும்? நான்காவது, விலை குறைந்த கைப்பேசியில் இது தடங்கலின்றி ஓடுமா? நான்கு கேள்விகளுக்கும் ஒரே மென்பொருளில் விடை தேட முயல்வதே மாணவர் பலரைத் திகைக்க வைக்கிறது. ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதற்கேள்விக்குத் தாளே கருவி

முதற்கேள்விக்கு எம்மென்பொருளும் வேண்டா. ஓர் உண்மைக் காலண்டரைச் சுவரில் மாட்டி, வீட்டிலுள்ளோர் அதை எப்படிக் கையாள்கின்றனர் என்று பார்த்தாலே போதும். அவ்வாறு பார்ப்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். மக்கள் தாளைக் கிழிப்பது ஒரு நாளில் ஒரே முறைதான். ஆனால் கிழிக்காமலே அடித்தாள்களைத் தூக்கிப் பார்ப்பது பலமுறை. வருகிற முகூர்த்த நாள் எது, அமாவாசை என்றைக்கு, தேர்வு எந்தக் கிழமையில் வருகிறது என்று விரலால் தாள்களைப் பிரித்துப் பார்த்துவிட்டு மீண்டும் விட்டுவிடுகின்றனர். வெளியூர் சென்று திரும்பியவர் மூன்று தாள்களைச் சேர்த்துக் கிழிக்கிறார். இராகு காலம் பார்க்கும் பாட்டி தாளைத் தொடுவதேயில்லை. அருகில் சென்று கண்ணைச் சுருக்கிப் படிக்கிறார்.

ஆகவே, நம் செயலியின் உயிர்நாடி கிழிப்பதில் மட்டும் இல்லை. தூக்கிப் பார்ப்பதையும் கிழிப்பதையும் வேறுபடுத்தி அறிவதில் இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டவும் வழி வேண்டும். கணினி முன் அமர்ந்து அழகிய கிழிசல் அசைவொன்றை மூன்று நாள் உழைத்து வரைந்தவருக்கு இது தெரிந்திராது.

இதன்பின், கைப்பேசி அளவில் வெட்டிய தாள்களில் ஒவ்வொரு திரையையும் கையால் வரைந்து கொள்ளலாம். அச்சகங்களில் வெட்டி எஞ்சும் தாள் துண்டுகளுக்கு நம் பகுதியில் பஞ்சமில்லை. ஒருவர் தாளைத் தொட, மற்றொருவர் கணினியின் இடத்திலிருந்து அடுத்த தாளை எடுத்து வைப்பார். அரை மணி நேரத்தில் பத்துக் குறைகள் வெளிப்படும். தாளில் செய்ததைக் கிழித்தெறிய மனம் வருந்துவதில்லை என்பது இம்முறையின் பெருஞ்சிறப்பு.

இரண்டாங்கேள்வி: திரைகளை இணைக்கும் கருவிகள்

திரைகளின் ஒழுங்கு ஓரளவு தெளிந்த பின்னரே கணினிக் கருவி தேவைப்படுகிறது. இவ்வகையில் இன்று பெரிதும் வழங்குவது ஃபிக்மா. 2012-இல் தோன்றிய நிறுவனம் ஒன்று ஆக்கிய இக்கருவி இணைய உலாவியிலேயே இயங்குகிறது. எனவே இன்ன கணினிதான் வேண்டும் என்ற கட்டாயமில்லை. கல்லூரி ஆய்வகத்துக் கணினியிலும் திறக்கலாம். தொடக்க நிலைக் கணக்கிற்குக் கட்டணமில்லை. மாணவர்க்குத் தனிச் சலுகைத் திட்டமும் உண்டு. திரைகளை வரைந்து, ஒரு பொத்தானிலிருந்து மற்றொரு திரைக்குக் கோடு இழுத்தால் இணைப்பு ஏற்பட்டுவிடும். இரு திரைகளில் ஒரே பெயருடைய பொருள் வெவ்வேறு இடத்தில் இருந்தால், இடையிலுள்ள நகர்ச்சியைக் கருவியே நிரப்பிக் கொள்ளும் வசதி 2019-இல் சேர்க்கப்பட்டது. நம் காலண்டரில் இன்றைய தாளைத் தொட்டால் பெரிதாவது, மாதப் பார்வைக்கு மாறுவது போன்ற அசைவுகளுக்கு இது போதுமானது.

இதே வேலைக்குப் பென்பாட் என்னும் கருவியும் உண்டு. இதன் மூலநிரல் எவரும் பார்க்கவும் பயன்படுத்தவும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. விரும்பினால் நம் கல்லூரிக் கணினி ஒன்றிலேயே அதை நிறுவிக்கொள்ளலாம். அசைவு வகைகள் ஃபிக்மாவினும் குறைவு. ஆனால் நாம் செய்த வேலை நம்மிடமே இருக்கும்.

இவ்வகைக் கருவிகளின் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். இவை ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்குத் தாவுபவை. விரலால் இழுக்கும் வசதி ஃபிக்மாவிலும் உண்டெனினும், இழுத்த தொலைவை அளந்து, அதற்கேற்பத் தாளின் வளைவையும் நிழலையும் தனித்தனி அளவில் மாற்றுவது அதற்கு எளிதன்று. அதற்காக நாற்பது திரைகளை வரைந்து கோடுகளால் பின்னுவோரும் உளர். எங்கே அத்தகைய பின்னல் தொடங்குகிறதோ, அங்கே கருவியை மாற்றவேண்டிய வேளை வந்துவிட்டது என்று உணர்க.

மூன்றாங்கேள்வி: விரலின் உணர்ச்சி

எவ்வளவு இழுத்தால் கிழிய வேண்டும் என்பதைத் தாளாலோ கோடுகளாலோ அறிய முடியாது. விரலே அதற்கு விடை கூற வேண்டும். தென்கொரியாவில் உருவான புரோட்டோபை என்னும் கருவி இத்தகைய கேள்விக்கென ஏற்பட்டது. விண்டோஸ், மாக் ஆகிய இருவகைக் கணினிகளிலும் இது இயங்கும். "இன்னது நிகழ்ந்தால் இன்னது நிகழ்க" என்னும் வாய்பாட்டில் கட்டளைகளை அடுக்குவதே இதன் அமைப்பு. விரல் நகரும் தொலைவைத் தாளின் சாய்வோடு இணைக்கலாம். ஓர் எல்லையைத் தாண்டினால் மட்டும் கிழியுமாறு நிபந்தனை விதிக்கலாம். செய்ததைக் கைப்பேசிக்கு அனுப்பி உடனே இழுத்துப் பார்க்கலாம்; கைப்பேசியைச் சாய்ப்பதையும் குலுக்குவதையும்கூட நிகழ்வாகக் கொள்ளலாம். இலவசக் கணக்கில் வைத்துக்கொள்ளக்கூடிய மாதிரிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு.

நம் காலண்டரில் முதலில் திரையுயரத்தில் மூன்றில் ஒரு பங்கு இழுத்தால் கிழியட்டும் என்று வைத்துப் பார்க்கலாம். தூக்கிப் பார்க்க முயல்வோர் கைகளில் தாள் கிழிந்துவிட்டால் அளவைப் பாதியாக உயர்த்தலாம். எல்லையை எட்டுமுன் விட்டால் தாள் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அத்திரும்புதல் சங்குசக்கரத்தின் இறுதிச் சுற்றைப்போல் மெல்லத் தளர்ந்து நிற்க வேண்டும். ஒரே பிற்பகலில் இவ்வளவையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம் என்பதே இவ்வகைக் கருவியின் பயன்.

ஆரிகாமி ஸ்டூடியோ, பிரின்சிப்பிள் ஆகியனவும் இத்துறையில் பேசப்படுவன. அவை மாக் கணினியில் மட்டுமே இயங்குவன ஆதலின், நம்மிற் பலர்க்கு அவற்றைப் பற்றிய ஆராய்ச்சி இப்போதைக்குத் தேவையில்லை.

வரைந்த அசைவு வேறு, விரல்வழி அசைவு வேறு

இங்கே பலர் மயங்கும் இடம் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். தீபாவளி நாளில் காலண்டர் திரையில் ஒரு புஸ்வாணம் பூத்து அடங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது எவர் தொட்டாலும் ஒரே மாதிரி நிகழும்; விரலின் வேகத்திற்கேற்ப மாறுவதில்லை. இத்தகைய அசைவு ஓவியரின் பணி. இதற்கு ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் போன்ற மென்பொருளில் வரைந்து, லாட்டி என்னும் வடிவில் கோப்பாக்கிச் செயலியில் சேர்ப்பது வழக்கம். நிகழ்படமாகச் சேர்ப்பதைவிடக் கோப்பு மிகச் சிறியதாக இருக்கும். இவ்வடிவை ஓடச்செய்யும் நிரலை ஏர்பிஎன்பி நிறுவனம் 2017-இல் எல்லோர்க்கும் பொதுவாக வெளியிட்டது.

லாட்டி என்னும் பெயர்க் காரணம் சுவையானது. ஜெர்மனி நாட்டு லோட்டே ரைனிகர் என்னும் அம்மையாரின் நினைவாக அப்பெயர் இடப்பட்டது. கருந்தாளைக் கத்தரியால் வெட்டி, கைகால்களை மூட்டுகளில் இணைத்து, ஒளியின்முன் சிறிது சிறிதாக நகர்த்திப் படம் பிடித்து 1926-இல் ஒரு முழுநீளத் திரைப்படத்தையே அவர் உருவாக்கினார். நம் தோற்பாவைக் கூத்தில் தோலால் செய்த பாவை வெள்ளைத் திரைக்குப் பின் ஆடுகிறது; அவரிடத்தில் தாளால் செய்த பாவை ஆடிற்று. அசைவின் இலக்கணத்தைக் கத்தரியும் தாளும் கொண்டு அறிந்தவர் பெயரே இன்று கோடிக்கணக்கான கைப்பேசிகளில் வழங்குகிறது.

நான்காங்கேள்வி: உண்மைக் கைப்பேசி

முன்மாதிரிக் கருவி எதுவாயினும் அது காட்டுவது பாவனையே. பல கைப்பேசித் திரைகள் ஒரு வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. அதாவது ஒவ்வொரு படத்தையும் ஏறத்தாழ 16.7 மில்லிவினாடிக்குள் கைப்பேசி வரைந்து முடிக்க வேண்டும். நிழல், வளைவு, மங்கல் எல்லாம் சேர்ந்தால் விலை குறைந்த கைப்பேசி திணறும். அசைவு விட்டுவிட்டு ஓடும். இதை அறிய நிரல் எழுதிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஃபிளட்டர் போன்ற நிரற்கருவி கற்றவர் அதில் அந்த ஓர் அசைவை மட்டும் எழுதிப் பார்க்கலாம். நிரலெழுத்துப் பழக்கம் இல்லாதவர், 2010-இல் கூகுளில் தோன்றிப் பின்னர் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் நடந்துவரும் ஆப் இன்வென்டரை இலவசமாகப் பயன்படுத்தலாம். நுட்பமான அசைவுகளுக்கு அது ஏற்றதன்று. எனினும் தொடுதல், இழுத்தல் ஆகியவற்றை உண்மையான ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இயக்கிக் காண அது உதவும்.

செயலி முழுவதையும் எழுத வேண்டியதில்லை. ஐயம் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தை மட்டும் எழுதினால் போதும். அச்சகத்தில் இயந்திரத்தில் எடுத்துப் பார்க்கும் முதல் தாளுக்கு இது நிகரானது.

தேர்வுக்குரிய வேறு சில அளவுகோல்கள்

கேள்விக்கேற்ற கருவி வகையைத் தெரிந்தபின், அவ்வகையுள் ஒன்றைத் தேர்வதற்கு வேறு சிலவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, தமிழ். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த கருவியை நம்பலாகாது. 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் முன்னேயும் காலெழுத்துப் பின்னேயும் உரிய இடத்தில் விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அச்சகங்களில் வழங்கிய பழைய எழுத்துரு முறைகளில் தட்டிய செய்தியை அப்படியே ஒட்டினால் திரையில் பொருளற்ற குறிகளே தோன்றும்; ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே ஒட்ட வேண்டும். பொத்தானின் அகலத்தைச் சோதிக்க நம் மாவட்டத்திலேயே அருமையான சொல் ஒன்று உண்டு. 'ஸ்ரீவில்லிபுத்தூர்' என்னும் பெயர் உடையாமல், வெட்டுப்படாமல் அடங்கினால் அந்தப் பொத்தான் எதையும் தாங்கும்.

இரண்டாவது, கணினியும் செலவும். கையில் இல்லாத கணினியில் ஓடும் கருவியும், டாலரில் மாதக் கட்டணம் கேட்கும் கருவியும் மாணவர்க்குப் பயன்படா. கட்டணமின்றிக் கிடைக்கும் பகுதி எதுவரை என்பதை வேலையைத் தொடங்குமுன் படித்தறிக.

மூன்றாவது, கைப்பேசியில் காட்டும் வசதி. கணினித் திரையில் சுட்டியால் இழுப்பது வேறு. கட்டைவிரலால் இழுப்பது வேறு. கைப்பேசியில் திறந்து காட்ட முடியாத கருவி, ஊடாட்டத்தைச் சோதிக்க உதவாது.

நான்காவது, கருவியின் ஆயுள். இதனைப் பலர் எண்ணுவதேயில்லை. ஒரு காலத்தில் இத்துறையின் முன்னணியில் இருந்த இன்விஷன் 2024-ஆம் ஆண்டின் இறுதியோடு தன் சேவையை நிறுத்திவிட்டது. ஃபிக்மாவை 2,000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அடோபி நிறுவனம் 2022 செப்டம்பரில் அறிவித்தது. 2023 டிசம்பரில் அம்முயற்சி கைவிடப்பட்டது. இதற்கிடையே அடோபியின் எக்ஸ்டி என்னும் சொந்தக் கருவி வளர்ச்சியின்றி நின்றுபோயிற்று. முன்மாதிரிக் கருவியாகத் தோன்றிய ஃப்ரேமர் பின்னர் வலைத்தளம் அமைக்கும் கருவியாக மாறிற்று. இணைய அசைவூட்டத்தில் கோலோச்சிய ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-உடன் முடிவுற்றது.

இவற்றின் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் மாணவன் பின்தங்கிப் போவான். காலம், வேகம், எல்லை, திரும்புதல் என்னும் அடிப்படைகளை அறிந்தவனுக்கோ கருவி மாறினாலும் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். ஈய எழுத்துக் கோத்த கை ஆப்செட்டுக்கும் பின்னர்க் கணினிக்கும் மாறியபோது, எழுத்திடைவெளியும் ஓரமும் அறிந்தவரே நிலைத்தனர் என்பதை அச்சுத் தொழிலே நமக்குக் காட்டியிருக்கிறது. எனினும் முடிந்த வேலையின் படிகளைப் பொதுவான கோப்பு வடிவில் தனியே சேமித்து வைப்பது அறிவுடைமை.

சோதிக்கும் முறையும் சில எச்சரிக்கைகளும்

முன்மாதிரியைச் செய்து வைத்துக்கொண்டு நாமே மெச்சிக்கொள்வதில் பயனில்லை. ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று நீல்சன் 2000-இல் எழுதினார். அந்த ஐவரும் நம் வகுப்புத் தோழர்களாகவே இருந்துவிடலாகாது. கண்பார்வை மங்கிய ஒருவர், கைப்பேசிக்குப் புதியவர் ஒருவர், நாளெல்லாம் தீப்பெட்டி ஒட்டியோ வெடி சுற்றியோ விரல் காய்த்துப்போன ஒருவர் ஆகியோரும் அதில் இருக்க வேண்டும். அவர்களிடம், "இப்படி இழுங்கள்" என்று சொல்லிக் கொடுக்காமல், "நாளைக்கு நல்ல நேரம் எப்போது என்று பார்த்துச் சொல்லுங்கள், அண்ணாச்சி" என்று கேட்டுவிட்டு வாய்மூடிப் பார்த்திருக்க வேண்டும். அவர் திணறினால் குறை அவரிடம் இல்லை. நம் வடிவமைப்பில் இருக்கிறது.

மற்றொன்று, மினுமினுப்பின் அபாயம். முன்மாதிரி மிக அழகாக அமைந்துவிட்டால் பார்ப்பவர் செயலியே முடிந்துவிட்டது என்று எண்ணிவிடுவார். "இது நன்றாயில்லை" என்று சொல்லவும் கூசுவார். ஆகையால் தொடக்கத்தில் பென்சில் கோடு போன்ற தோற்றமே நல்லது. அரைகுறையாகத் தோன்றும் ஒன்றைக் குறைகூற எவரும் தயங்குவதில்லை.

இறுதியாக, அசைவே சிலர்க்குத் தீங்காகலாம். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒளிபரப்பான சித்திரத் தொடர் ஒன்றில் சிவப்பும் நீலமும் விரைந்து மாறிமாறி மின்னியதால் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர்கள், மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எக்காட்சியும் ஒரு வினாடியில் மூன்று முறைக்கு மேல் மின்னலாகாது என்பது இணைய அணுகல் நெறிமுறைகளில் ஒன்று. அசைவே வேண்டா என்று தம் கைப்பேசியில் அமைத்துக்கொண்டவர்க்கு, தாள் கிழியும் காட்சி இல்லாமலே நாளைய தேதி தோன்ற வேண்டும். அதையும் முன்மாதிரியிலேயே வரைந்து வைக்க வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துக் கூறின்: மக்களின் வழக்கத்தை அறியத் தாளும் கண்ணும், திரைகளின் ஒழுங்கை அறிய ஃபிக்மா அல்லது பென்பாட், விரலின் உணர்ச்சியை அறியப் புரோட்டோபை போன்றது, மாறாத அழகசைவுக்கு ஓவியரின் கருவியும் லாட்டியும், கைப்பேசியின் ஆற்றலை அறிய நிரல். இவற்றுள் எல்லாமே எல்லா வேலைக்கும் தேவைப்படா. பல வேலைகள் தாளிலும் இரண்டாம் படியிலுமே முடிந்துவிடும். கேள்வியை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லையெனில் எக்கருவியையும் திறக்காதீர்கள்.

இப்பணி கணினி அறிவியல் மாணவர்க்கு மட்டும் உரியதன்று. முகூர்த்த நாள் பார்க்கும் விரலைக் கூர்ந்து நோக்கத் தெரிந்தவர் வரலாற்று மாணவராகவும் இருக்கலாம். பொத்தானில் எச்சொல் பொருந்தும் என்று அறிந்தவர் தமிழ் மாணவராகவும் இருக்கலாம். விலையுயர்ந்த கணினி இல்லை என்பதால் இத்துறையின் கதவு நமக்கு அடைபட்டுவிடவில்லை. ஒரு பென்சிலும், வெட்டி எஞ்சிய தாளும், கேட்கத் தெரிந்த வாயும், பொறுமையாகப் பார்க்கத் தெரிந்த கண்ணும் இருந்தால் முதற்படியை இன்றே ஏறலாம். விடுமுறையில் துறைக்கு ஒருவராக நால்வர் கூடி ஒரு சிறு செயலியின் தாள் மாதிரியைச் செய்து, ஐந்து பேரிடம் காட்டிப் பாருங்கள். அவர்கள் எங்கே தடுமாறினர் என்ற குறிப்பே, அடுத்து எடுக்கவேண்டிய கருவியின் பெயரை உங்களுக்குச் சொல்லும்.